தோளில் விழுந்த தட்டு

இடது தோளில் ஒரு தட்டு விழுந்தது. பட்டறைக்காரர் வண்டியை இடப்பக்கம் திருப்பினார். திருப்பிய பிறகுதான், ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த ஜிபிஎஸ் கருவியின் திரையில் அம்புக்குறி நேராகப் போகச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கவனித்தார்.

"என்ன மேடம், தூங்கி வழியிறீங்களா?" என்று முன்னால் பார்த்தபடியே கத்தினார். பதில் வந்திருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

முப்பது வருஷம் லேத் இயந்திரங்களுக்கு நடுவே நின்றதில் காது பாதி போய்விட்டிருந்தது. ஹெல்மெட்டுக்குள் காற்று இரையும்போது கருவி தொண்டை கிழியக் கத்தினாலும் பிரயோஜனமில்லை. திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டே ஓட்டினால் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அதனால் கம்பியில்லாத இயர்போன் அவள் காதில். கருவி சொல்வதைக் கேட்டு அவள் இவர் தோளில் தட்டுவாள். இடது தோள் என்றால் இடது, வலது தோள் என்றால் வலது. முதுகில் இரண்டு தட்டு என்றால், ஏறி உட்கார்ந்துவிட்டேன், கிளம்பலாம். "மாப்பிள்ள ஆசையா வாங்கித் தந்தத மூலைல போட்டு வைக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லியே இந்த ஏற்பாட்டுக்கு வழி செய்தவள் அவள்தான். இன்று மகளின் புது வீட்டுக்கு முதல் தடவையாகப் போகிறார்கள்.

மறுபடி இடது தோளில் தட்டு. அம்புக்குறி இப்போதும் நேராகவே காட்டியது. கருவிதான் பின்தங்கிவிட்டது போல என்று நினைத்து அவர் தோள் சொன்னபடி திரும்பினார். கருவியை நம்பாவிட்டாலும் மனைவியை நம்பலாம்.

சாலை ஒடுங்கிக்கொண்டே போனது. இரண்டு பக்கமும் கிடங்குகளின் நீளமான மதில்கள், பூட்டிய இரும்புக் கதவுகள், அவற்றின் அடியில் தேங்கி நின்ற தண்ணீரிலிருந்து எழும்பிய துரு வாடை, மணி ஐந்துகூட ஆகாத வானத்தில் கறுத்துத் திரண்டு வந்த மேகம். எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. இந்த மாதிரி வழியில் அவள் வாயை மூடிக்கொண்டு வரமாட்டாளே என்று அவருக்குத் தோன்றியது. இந்நேரம் முதுகில் ஒரு குத்தாவது விட்டிருப்பாள். பெட்ரோல் பங்கில் கிளம்பியதிலிருந்தே அவள் இப்படித்தான் இருக்கிறாள். அங்கே பெட்ரோல் போட்டு, ஓரமாகத் தள்ளிப்போய்க் காற்று அடித்து, அவர் ஏறி உட்கார்ந்ததும் பின்சீட்டு அமுங்கியது. முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. கிளம்பிவிட்டார்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. மகளாக இருக்கும் என்று ஓரங்கட்டி, கால் ஊன்றி, ஹெல்மெட்டைக் கழற்றினார். திரையில் மனைவியின் பெயர்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. "பின்னாடி உக்காந்துகிட்டே போன் பண்றியா? நல்ல கூத்துதான்."

"என்ன உளர்றீங்க? நான் பங்க்ல நிக்கிறேன்! பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள வண்டிய எடுத்துட்டுப் போயிட்டீங்க. எத்தன தடவ அடிக்கிறது? கட்டின பொண்டாட்டி ஏறினாளா இல்லையான்னுகூடப் பாக்க மாட்டீங்களா?"

பின்சீட்டு இன்னும் அமுங்கியே இருந்தது.

"இயர்போன்..." என்றார்.

"கைலதான் இருக்கு. நீங்க போனவுடனே கனெக்‌ஷன் போயிடுச்சு."

கருவியின் திரை ஓரத்தில் இயர்போன் படம் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"ஏங்க, கேக்குதா? கரண்ட் இல்லன்னு பங்க்க மூடிட்டாங்க. எல்லாரும் கிளம்பிட்டாங்க. இந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாதாம். தனியா நிக்கப் பயமா இருக்குங்க. சீக்கிரம் வாங்க."

"வர்றேன். அங்கயே நில்லு. யார் வந்தாலும் பேசாத."

வண்டியைச் சாய்த்து நிறுத்தி, முன்பக்கமாகவே இறங்கி, பத்தடி நடந்தார். திரும்பினால் போதும். கழுத்து கேட்கவில்லை. அவள் அங்கே தனியாக நிற்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லித்தான் திரும்பினார்.

சீட்டில் யாரும் இல்லை. ஆனால் பின்சக்கரத்து ஸ்பிரிங் ஆள் உட்கார்ந்தது போல அமுங்கி நின்றது. முதல் தூறல் விழுந்தது. பெட்ரோல் டாங்க் நனைந்தது. முன்சீட்டு நனைந்தது. பின்சீட்டில் மட்டும் ஒரு சொட்டுகூட விழவில்லை.

ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. எங்கே ஓடுவது? பங்க் பதினைந்து கிலோமீட்டர் பின்னால் இருக்கிறது. நடந்து போனால் இருட்டிவிடும். வண்டியில் போனால் இதையும் கூட்டிக்கொண்டு அவளிடம் போக வேண்டும். மழை வலுத்தது. போன் மறுபடி அதிர்ந்தது. அவர் ஏறி உட்கார்ந்தார்.

முதுகில் இரண்டு தட்டு.

வண்டியைத் திருப்பினார். வலது தோளில் தட்டு விழுந்தது. போகவில்லை. மறுபடி வலது. போகவில்லை. தான் வந்த வழியை மட்டும் பார்த்தார். நேர். நேர். தட்டு அடியாக மாறியது. தோள் எரிந்தது. இடது. வலது. இடது. பற்களைக் கடித்துக்கொண்டார். ஒவ்வொரு கிளைச்சாலையிலும் அடி. ஒவ்வொன்றையும் தாண்டினார். மழை முகத்தில் அறைந்தது. கடைசிக் கிடங்கின் மதில் முடிந்தது.

அடி நின்றது.

ஒரு கிலோமீட்டர். இரண்டு. ஒன்றுமில்லை. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிரதான சாலை வந்ததும் வண்டியை நிறுத்தி, இறங்கி, பின்சீட்டைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். சீட்டு முழுக்க மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் நிமிர்ந்திருந்தது. திரையில் இயர்போன் படமும் அணைந்திருந்தது. வாய்விட்டுச் சிரித்தார். பைத்தியக்காரனைப் போல மழையில் நின்று சிரித்துவிட்டு, மறுபடி ஏறிப் பறந்தார்.

பங்கின் கூரைக்கடியில் பையை மார்போடு அணைத்தபடி அவள் நின்றிருந்தாள். முழுதாக, பத்திரமாக. இத்தனை வருஷத்தில் அவளைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை என்று நினைத்தார்.

"வாங்க சார், வாங்க. இப்பவாவது ஞாபகம் வந்துச்சே."

"ஏறு. வீட்டுக்குப் போய்த் திட்டு. பொண்ணு வீட்டுக்கு இன்னொரு நாள் போகலாம்."

"ஏன், என்னாச்சு? முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு."

"ஒண்ணுமில்ல. நீ ஏறு மொதல்ல."

முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவர் தோளைப் பிடித்துக் காலைத் தூக்கிப்போட்டு உட்கார்ந்தாள். அவளுடைய எடை, அவளுடைய சோப்பு வாசனை. அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"என்னங்க இது, இடமே இல்ல. கொஞ்சம் முன்னாடி நகருங்க."

அவர் ஏற்கெனவே டாங்கை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம். ஒரு கைல பைய வேற பிடிச்சிருக்கேன், விழுந்துடப் போறேன்."

அவளுடைய ஒற்றைக் கை அவர் இடுப்பைச் சுற்றி வந்தது. சூடான கை. அது வந்து பதிவதற்காக, நனைந்த சட்டைக்கு மேல் ஏற்கெனவே அங்கே இருந்த கை மெல்ல நகர்ந்து இடம் விட்டது.