தகரத் தகட்டு மணப்பெண்

"தகடு போலியாம். நான்தான் மாத்தி வச்சேன்னு எங்க அத்தை, தெருக்காரங்க சேர்ந்து ஜெபம் பண்ற அன்பியக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள நான் வீட்டை விட்டுப் போகணுமாம்."

ஸ்ரீரங்கத்தில், துப்பறியும் மணிமேகலையின் அலுவலகத்தில், பெலிண்டா இதைக் குரல் நடுங்காமல் சொன்னாள். கூட்டாளி ஆசீருக்கு அதுவே உறுத்தியது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய தகரத் தகட்டுப் புகைப்படம். சேகரிப்பவர்கள் கொட்டிக் கொடுப்பார்கள். அதை எடுத்துத் துடைப்பவள் இவள் ஒருத்திதான். இதற்கு மேல் என்ன துப்பு வேண்டும்?

மேலப்புதூர் வீட்டில் மாமியார் அமலராணி, தகட்டை மருமகள் பக்கமே காட்டாமல் மணிமேகலையிடம் நீட்டினார். "கண்ணு மங்கல்தாங்க. ஆனா கனம் குறைஞ்சது கைக்குத் தெரியாதா?"

தகட்டில் குடும்பத்தின் பழைய மணப்பெண் ஒருத்தி, முந்தானை இடது தோளில். சுவரில் அதே படம் பெரிதாக மாட்டியிருந்தது. அதிலும் இடது தோள்தான். சட்டத்தின் கண்ணாடி மட்டும் புத்தம் புதிது.

"கண்ணாடி மாத்தினது யாரு?" என்றாள் மணிமேகலை.

"நான்தாங்க," என்றான் கைலாசபுரத்திலிருந்து வந்திருந்த இளைய மகன் ரெஜிஸ். "விரிசல் விட்டிருந்துச்சு, கடைக்கு எடுத்துட்டுப் போனேன். தகடெல்லாம் அண்ணி பொறுப்பு. நான் சரியாப் பார்த்ததுகூட இல்ல."

மணிமேகலை பெலிண்டாவிடம் திரும்பினாள். "நீங்க துடைக்கறப்போ முந்தானை எந்தத் தோள்ல இருக்கும்?"

"வலது தோள்லங்க."

வகையாக மாட்டிக்கொண்டாள் என்று ஆசீர் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அதுதான் சரி," என்றாள் மணிமேகலை. "அந்தக் காலத்துத் தகரப் படத்துக்கு நெகட்டிவ் கிடையாது ஆசீர். வெளிச்சம் நேரா தகட்டுல விழும். முகம் பார்க்கற கண்ணாடி மாதிரி இடம் வலமாத்தான் பதியும், இடது தோள் முந்தானை வலதுலதான் தெரியும். அம்மா, சுவர்ப் படத்தைத் திருப்பிப் போட்டது யாரு?"

"எங்க வீட்டுக்காரர்தான். முந்தானை தப்புத் தோள்ல இருக்குன்னு ஸ்டூடியோவுல திருப்பச் சொன்னாரு."

"அப்ப இந்தப் போலி, சுவர்ப் படத்தை வச்சுச் செஞ்சது. அசலைத் துடைக்கறவங்க இந்தத் தப்பைப் பண்ண மாட்டாங்க. சுவர்ப் படத்தை வெளியே கொண்டுபோனவர் நீங்க, ரெஜிஸ். போலியைத் தயாரா வச்சுக்கிட்டு, அசலைச் சரியாப் பார்க்காமலே அவசரத்துல மாத்திட்டீங்க."

ரெஜிஸ் தலை குனிந்தான். "இன்னும் விக்கலம்மா. கொண்டாந்துடறேன்."

ஆசீருக்குப் பெலிண்டாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அமலராணி, தகடு வைக்கும் பீரோவின் சாவியை மருமகள் கையில் திணிக்கப் பார்த்தார். அவள் வாங்கவில்லை.

"சாவி இருக்கட்டும் அத்தை. அன்பியக் கூட்டத்துல திருடின்னு சொன்னீங்க. அங்கேயே வந்து இல்லன்னு சொல்லுங்க."

அமலராணி மகனைப் பார்த்தார். "அப்ப யாரு திருடினதுன்னு கேப்பாங்களேம்மா!"

"கேக்கட்டும்," என்றாள் பெலிண்டா.