கொழுக்கிக்கு அடியில் சந்தனம்

"என்ரை மனிசன் ஆளைக் கொல்லேல்லை ஐயா."

உள்ளே வந்த றோஸ்மலர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். கையிலிருந்த குடையைக்கூட அவள் மடக்கவில்லை.

ஜம்புநாதன் எழுந்து குடையை வாங்கி வாசலில் சாய்த்து வைத்தார். "உட்காருங்கம்மா. கொன்னதா யார் சொல்றாங்க?"

"பொலிஸ் சொல்லுது. செவன் கிங்ஸிலை இருக்கிற சனம் சொல்லுது. இண்டைக்குக் காலமை மரக்கறிக் கடைக்காரனும் என்னைப் பாத்துட்டு மற்றப் பக்கம் திரும்பினான்."

அது 1993 செப்டெம்பர். சென்னைக்காரரான ஜம்புநாதன் இலண்டனில் முப்பது வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பனிக்காக நொறுங்கிய வாகனங்களைப் பார்த்து, எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று எழுதிக் கொடுத்தவர். ஓய்வுபெற்று விம்பிள்டனில் இருந்தார். ஆனாலும் வக்கீல்கள் அவரை விடவில்லை. றோஸ்மலரை அழைத்து வந்த சந்திரவதனா, நீதிமன்றங்களிலும் ஆசுப்பத்திரிகளிலும் இலங்கைத் தமிழருக்கு மொழிபெயர்ப்பாளராகப் போகிறவள். ஒரு வழக்கு கண்ணில் பட்டால் போதும், அவளுக்குச் சோறு இறங்காது.

"சேர், நான் சொல்லட்டே?" என்றாள் சந்திரவதனா.

"அவங்க சொல்லட்டும், வதனா."

றோஸ்மலர் சொன்னாள். அவள் கணவன் யோகலிங்கத்துக்கு நோர்பரியில் சின்னக் கராஜ். செவன் கிங்ஸ் பகுதியில் இருக்கும் இராஜேந்திரன் என்பவர் தமிழ் விளையாட்டுப் போட்டிகளில் கொத்துரொட்டி போட்டு விற்பதற்காகப் பெரிய கரவன் வண்டி ஒன்று வாங்கினார். அதை இழுக்கும் ஜீப்புக்குக் கொழுக்கி பூட்டிக் கொடுத்தது யோகலிங்கம். போன மாதம் ஒரு ஞாயிறு காலை, கிறிஸ்டல் பலஸ் ஏற்றத்தில் பாதி ஏறியபோது கொழுக்கி கழன்றது. இரண்டு தொன் கரவன் பின்னுக்கு உருண்டது. பின்னால் சின்ன வானில் சட்டி பானைகளோடு வந்தவர் இராஜேந்திரனின் தம்பி சிவானந்தன். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. வயது இருபத்தாறு.

"போல்ட்டை இவர் ஒழுங்கா இறுக்கேல்லையாம். நவம்பரிலை வழக்கு. எங்களுக்கு இன்னும் விசா முடிவு வரேல்லை ஐயா. குற்றமெண்டு தீர்த்தா மறியலிலை அடைப்பாங்கள். மறியல் முடியக் கொழும்புக்கு ஏத்திவிடுவாங்கள். அங்கை இவரை ஒருக்காப் பிடிச்சு, நகம் இல்லாமல்தான் வெளியிலை விட்டவங்கள். இரண்டாந்தரம் விடமாட்டாங்கள்."

ஜம்புநாதன் சுவரிலிருந்த நாட்காட்டியில் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, அதன் முதுகில் 'கொழுக்கி' என்று எழுதினார். "நாளைக்கு உங்க கராஜுக்கு வர்றேன்," என்றார்.

யோகலிங்கம் பிணையில் இருந்தார். பூட்டிய கராஜுக்குள் துடைத்த சாமான்களையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இராஜேந்திரன் முதல்ல எந்த வண்டியில இழுக்கப் பார்த்தார்?" என்று கேட்டார் ஜம்புநாதன்.

"தன்ரை காரிலை! நான் சிரிச்சுப்போட்டன். அந்தக் கரவன் சும்மா கடற்கரையிலை கொண்டுபோய் விடுற சாமான் இல்லை. ஆரோ வெள்ளைக்காரன் பாலைவனம் பாக்கப் போறதுக்கெண்டு செய்வித்தது. இரும்புச் சட்டம், நாலு தடிச்ச சில்லு. அதை வித்த பாஸ்கரன் ஒண்டரைத் தொன் எண்டு சொன்னவர். நான் பழைய இரும்புக் கடைத் தராசிலை ஏத்திப் பாத்தன். அடுப்பு, காஸ், மாமூட்டை எல்லாத்தோடையும் இரண்டு தொன்னுக்கு மேலை. கார் ஒண்டேகால் தொன். இழுக்கிறதை விட இழுபடுறது பாரமெண்டா, இறக்கத்திலை ஆர் ஆரை இழுக்கிறது? டீசல் ஜீப் வாங்கும் வரைக்கும் கொழுக்கி பூட்டமாட்டன் எண்டு நிண்டனான்."

"அதுக்கு அவர் ஒத்துக்கிட்டாரா?"

"ஒரு கிழமை என்னோடை கதைக்கேல்லை. பிறகு வாங்கினார். புதன்கிழமை பூட்டினனான். தடிச்ச போல்ட்டு இரண்டு, புது நட்டு இரண்டு. நட்டுக்குள்ளை நைலோன் வளையம் இருக்கு, தானாக் கழராது. ஆனா ஒருக்காக் கழட்டினா எறிஞ்சுபோட்டுப் புதுசு போடோணும், நைலோன் தேஞ்சுபோம். ஜீப்பின்ரை சட்டத்துக்கும் கொழுக்கிக்கும் நடுவிலை வளையம் உள்ள தகடு ஒண்டும் வைச்சு, தனிப் போல்ட்டாலை சட்டத்தோடை இறுக்கினனான். கரவனிலை இருந்து வாற பிரேக் கம்பியை அந்த வளையத்திலை மாட்டுறது. கொழுக்கி கழண்டாலும் கம்பி இழுபட்டு, கரவனிலை பிரேக் பிடிச்சிடும்."

"கழன்றுச்சு. ஆனா பிரேக் பிடிக்கலையே?"

"அதுதான் ஐயா எனக்கும் விளங்கேல்லை," என்றார் யோகலிங்கம்.

பொலிஸ் முற்றத்தில் கரவன் ஒரு மூலையில் நின்றது. வான் இருந்த பக்கம் சந்திரவதனா பார்க்கவில்லை. கரவனின் வாய் கொழுக்கியை இன்னும் கவ்விக்கொண்டே இருந்தது. ஜீப்பிலிருந்துதான் அது பிடுங்குப்பட்டிருந்தது. ஒரு போல்ட்டு முறிந்திருந்தது. மற்றதில் நட்டைக் காணவில்லை. பிரேக் கம்பி கொழுக்கியின் கழுத்தில் சுற்றிக் கிடந்தது. வளையத் தகட்டை எங்கும் காணோம்.

"றோட்டிலை விழுந்திருக்குமோ, சேர்?"

"றோட்டுல பொறுக்கினதெல்லாம் பட்டியல்ல இருக்கு. தகடு இல்லை. இங்க வந்து பாருங்க."

கொழுக்கியின் தட்டையான முதுகை, ஜீப்பின் சட்டத்தோடு ஒட்டிக்கிடக்க வேண்டிய பக்கத்தை, டோர்ச் அடித்துக் காட்டினார். மஞ்சளும் சிவப்புமாய்ப் பொருக்கு. பொலிஸ் நிபுணர் அறிக்கையில் 'பழைய பெயின்ற், துரு' என்று எழுதியிருந்தார். சந்திரவதனா மூக்கைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"சேர், இது சந்தனமெல்லோ! குங்குமமும் கிடக்கு." உடனே அவள் முகம் வாடியது. "கோயிலுக்குப் போன வாகனம். எல்லாரும் பூசுறதுதானே."

"ஆமா," என்றார் ஜம்புநாதன். "எல்லாரும் பூசுறதுதான்." நாட்காட்டித் தாளில் ஒரு வரி எழுதினார். என்ன என்று காட்டவில்லை.

செவன் கிங்ஸ் வீட்டில் சிவானந்தனின் படத்துக்கு முன் விளக்கு எரிந்தது. இராஜேந்திரன் தாடி மழிக்காமல் இருந்தார்.

"கொழுக்கியிலை நான் கையே வைக்கேல்லை. புதன் அந்தாள் பூட்டித் தந்தது. வெள்ளி பின்னேரம் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலிலை பூசை. பாரம் தாங்கிறது இதுதானே எண்டு நான் சொல்ல, ஐயர் கொழுக்கிக்கும் போல்ட்டுக்கும் சந்தனம் அள்ளி அப்பினவர். சனி கலியாணம், தம்பியின்ரை மனிசி கௌரியின்ரை தங்கச்சிக்கு. மாப்பிள்ளைக் கார் எங்கடை ஜீப்தான். ஞாயிறு..." அவர் எழுந்து விளக்குக்கு எண்ணெய் விட்டார்.

"பாஸ்கரனும் பூசைக்கு வந்தவரோ?" என்று சந்திரவதனா பாய்ந்தாள்.

"வந்து, சுண்டல் வாங்கித் திண்டுட்டு ரெயிலிலை போனவர்."

அடுத்த அறையில் நாதஸ்வரம் கேட்டது. எட்டிப் பார்த்தால், விதவை சிவகௌரி தொலைக்காட்சிக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். தங்கையின் கலியாண வீடியோ ஓடியது.

"குறை நினைக்காதையுங்கோ. இவர் இதிலை மூண்டு இடத்திலை வாறார்," என்றாள் அவள்.

ஜம்புநாதன் வாசலிலேயே நின்றார். "அம்மா, இந்தக் கசெற்றை எனக்கு ஒரு ராத்திரி தர முடியுமா?"

அவள் கசெற்றை வெளியே எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்தாள். "நாளைக்குத் தந்திடுவியளோ?"

"காலையில நானே கொண்டு வர்றேன்."

சந்திரவதனா அந்த வீடியோவை நான்கு தரம் பார்த்தாள். மாப்பிள்ளை வந்து இறங்குகிறார். ஜீப்பின் பின்புறம் முழுக்க ரோசாமாலை. பம்பருக்குக் கீழே வெறும் கறுப்புச் சட்டம். பெண்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்தைச் சுற்றிப் போகிறார்கள். சிவானந்தன் பெற்றோல் நிலையத்து நீலச் சட்டையோடு மண்டபத்துக்குள் ஓடி வருகிறான். சிவகௌரி வேட்டிப் பையை நீட்டி அவன் காதைத் திருகுகிறாள். அவன் சிரிக்கிறான்.

"ஒண்டுமில்லை சேர். பாஸ்கரன்தான். நிறையிலை பொய் சொன்னவன் நட்டிலை கை வைக்கமாட்டானே?"

"நிறையில சொன்ன பொய் பெரிய பொய்தான். ஆனா அது எந்த நட்டையும் கழட்டாது," என்றார் ஜம்புநாதன். "ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் யோகலிங்கம் கராஜுக்கு வரச் சொல்லுங்க."

எல்லோரும் வந்தார்கள். பாஸ்கரன் கதவடியில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இராஜேந்திரன் ஒரு பழைய ரயரின் மேல் உட்கார்ந்தார். சிவகௌரி சுவரோரம் நின்றாள். யோகலிங்கமும் றோஸ்மலரும் மற்ற மூலையில்.

"புதன்கிழமை கொழுக்கி இறுக்கப்பட்டது," என்று ஜம்புநாதன் தொடங்கினார். "வெள்ளிக்கிழமை அதுக்குச் சந்தனம் வச்சாங்க. இறுக்கின இரும்புக்கு வெளியிலதான் சந்தனம் வைக்க முடியும். ஆனா நான் பார்த்த சந்தனம் உள்ளே இருந்தது, கொழுக்கியோட முதுகில, இரண்டு இரும்புக்கும் நடுவுல. அது எப்படி அங்க போச்சு?"

சந்திரவதனா மூக்கால் மணந்து பார்த்தும் கேட்கத் தெரியாமல் போன கேள்வி அது.

"பூசைக்குப் பிறகு யாரோ கழட்டியிருக்காங்க. கழட்டுற கையில ஒட்டின சந்தனம் அந்த முதுகில பட்டிருக்கு. திரும்பப் பூட்டும்போது அது உள்ளே மாட்டிக்கிச்சு. காய்ஞ்ச சந்தனம் ஏற்றத்தில நசுங்கிப் பொடியாகும், அந்த அளவுக்கு இரும்பு ஆடும். நட்டும் கழட்டின அதே நட்டு, நைலோன் தேஞ்சது. நடுவில இருந்த வளையத் தகடு எதுக்குன்னு திரும்பப் பூட்டினவருக்குத் தெரியலை. அதை விட்டுட்டாரு. மாட்ட வளையம் இல்லாததால பிரேக் கம்பியைக் கொழுக்கி கழுத்திலயே சுத்திட்டாரு. கொழுக்கியே போனப்போ கம்பியை இழுக்க ஒண்ணுமில்லை."

"அப்ப வேணுமெண்டு செய்த வேலை!" என்று பாஸ்கரனைப் பார்த்துச் சந்திரவதனா கத்தினாள்.

"என்னை ஏங்க பார்க்கறீங்க?" என்று பாஸ்கரன் சீறினார். "ஆமா, எடையைக் குறைச்சுச் சொன்னேன். அதுக்காகக் கொலைகாரனா?"

"இல்லை வதனா. கெடுக்க நினைக்கிறவன் நட்டைத் தளர்த்திட்டு ஓடிடுவான். முழுசாக் கழட்டி, ஒரு பகல் முழுக்க எடுத்து வச்சு, திரும்ப அக்கறையாப் பூட்டமாட்டான். சனிக்கிழமை வீடியோவில ஜீப்புக்குப் பின்னால கொழுக்கி இல்லை. மாலைதான் இருந்தது. மாப்பிள்ளைக் காருக்குப் பின்னால இரும்பு நீட்டிக்கிட்டிருந்தா அழகா இருக்காதுன்னு யாரோ நினைச்சிருக்காங்க."

இராஜேந்திரன் தலையைத் தூக்கினார். "தம்பி," என்றார். "தம்பிதான் கழட்டினவன். செத்தவனிலை பழி போடக்கூடாது எண்டுதான் இவ்வளவு நாளும் நான் வாய் திறக்கேல்லை. வெள்ளி இரவு எங்கடை வீட்டு வாசலிலை வைச்சு..."

"அத்தான்." சிவகௌரியின் குரல் உயரவேயில்லை. "வெள்ளி இரவு அவருக்கு ஷிப்ட். விடிய ஏழு மணி வரைக்கும் பெற்றோல் ஸ்டேஷனிலை. அங்கையிருந்து நேரே மண்டபத்துக்குத்தான் வந்தவர். நான்தானே வேட்டி கொண்டுபோனனான்."

"அப்ப ஞாயிறு விடிய..."

"ஞாயிறு விடிய அவர் என்னோடை என்ரை அம்மா வீட்டிலை. வானை எடுத்துக்கொண்டு கிறிஸ்டல் பலசடியிலைதான் உங்களைச் சந்திச்சவர். அண்டைக்கு ஜீப்பைக் கண்ணாலை கண்டதே அங்கைதான்." அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "செத்த ஆளைக்கூட விடமாட்டியளோ?"

ரயரில் இருந்தவர் சரிந்து நிலத்தில் குந்தினார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"போன கலியாணத்திலை ஒரு பெடிச்சியின்ரை கூறைச்சீலை இப்பிடி ஒரு இரும்பிலை கொழுவிக் கிழிஞ்சது. சனம் ஒரு வருசம் சொல்லிச் சிரிச்சது. அதாலைதான் கழட்டினனான். தகடு எங்கடை வீட்டுப் பின்வளவிலை கிடந்தது; செத்தவீட்டண்டைக்கு எடுத்துக் குப்பையிலை போட்டன்." பிறகு அவர் சிவகௌரியின் காலடியைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா யாழ்ப்பாணத்திலை. கடிதத்திலை மெக்கானிக்தான் எண்டு எழுதிப்போட்டன். என்ரை கையாலைதான் அவன் செத்தவன் எண்டு அவவுக்கு எப்பிடியம்மா நான் எழுதுறது?"

"எனக்குத் தெரியாது, அத்தான்."

யோகலிங்கம் முன்னால் வந்தார். அடிக்கப் போகிறார் என்று றோஸ்மலர் அவர் கையைப் பிடித்தாள். அவர் அடிக்கவில்லை.

"என்னட்டை ஒரு ரெலிபோன் எடுத்திருக்கலாமே, அண்ணை," என்றார். "நோர்பரியிலை இருந்து ஒரு மணித்தியாலம். வந்து பூட்டித் தந்திருப்பனே."

"கழட்டினதுக்கு ஏசுவியள் எண்டு..." என்றார் இராஜேந்திரன்.

அன்று பின்னேரமே அவர் பொலிஸ் நிலையத்துக்குப் போனார். ஜம்புநாதன் தன் குறிப்புகளைச் சீராக எழுதி யோகலிங்கத்தின் வக்கீலுக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை என்றபடியால் பொலிசாருக்கு வேறு மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை. தான் இந்த வழக்கில் யோகலிங்கத்தின் பக்கம் நின்றவள் என்று சந்திரவதனா சொன்னாள். இப்போதைக்கு அவள் போதும், பிறகு வேறு ஆளை வைத்துத் திரும்ப எழுதுவோம் என்றார்கள்.

சின்ன அறை. மேசையில் ஒலிப்பதிவுக் கருவி சுழன்றது. மொழிபெயர்ப்பு வேலையில் ஒரு விதி உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவரும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று ஒதுங்கி நிற்க முடியாது.

இராஜேந்திரன் மேசையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்.

"கழட்டினது நான். பூட்டினதும் நான். குற்றமில்லாத ஒருத்தரிலை பழியைப் போட்டதும் நான். என்ரை தம்பியை நான்தான் கொன்றுபோட்டன்."

சந்திரவதனா ஒரு சொல்லையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனையை நிறுத்தி நிமிர்ந்தார். ஒரு கணம் அவர் பார்த்தது அவளைத்தான்.