டிக்கிக்குள் எரிந்த விளக்கு

ராத்திரி பெய்த பனி கார் முழுக்க ஒரு சாண் கனத்துக்குப் படிந்திருந்தது, டிக்கி மூடியின் நடுவில் மட்டும் இல்லை. அங்கே ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பனி உருகி நீலப் பெயிண்ட் ஈரமாகத் தெரிந்தது. வெர்னா கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுவென்று இருந்தது. குனிந்தபோது எலி மூத்திர நாற்றம் மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது, கைக்குழந்தை கக்கிய பால் புளித்துப் போனது போல. சீ என்று நிமிர்ந்தாள்.

கார் அன்றும் கிளம்பவில்லை. பேட்டரி புதுசு, ஆனால் சாயங்காலம் நிறைத்து வைத்தால் விடிவதற்குள் எதுவோ உறிஞ்சிவிடுகிறது. பீட் ஸரோவ்னி செத்த பிறகு அவன் பண்ணை ஏலத்தில் வாங்கிய வண்டி. பல குளிர்காலம் வைக்கோல் கொட்டகையில் கிடந்தது. புதன்கிழமை அது காலை வாரியதில் புருஷன் ஓரெஸ்டை டவுனுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக முடியவில்லை. நாளை வெள்ளிக்கிழமை அடுத்த முறை.

"வெள்ளிக்கிழமையையும் விட்டுறாதீங்கம்மா. தண்ணி நுரையீரலுக்கு ஏறிடும், அப்புறம் எங்க கையில இல்ல" என்று நர்ஸ் போனில் சொல்லியிருந்தாள். பக்கத்துப் பண்ணை லைலும் அவன் பெண்டாட்டியும் குளிருக்குப் பயந்து அரிசோனா போய்விட்டார்கள். வேறு வண்டிக்கு எங்கே போக?

பேட்டரியைக் கழற்றிச் சமையலறைக்குத் தூக்கி வந்து சார்ஜில் போட்டாள். வீங்கிய காலை நாற்காலியில் நீட்டியிருந்த ஓரெஸ்ட் சிரித்தான்.

"என்ன, உன் சீமாட்டி இன்னிக்கும் எந்திரிக்கலியா?"

"உன் வாய் மட்டும் எந்திரிச்சிருச்சே, அது போதும் கிழவா."

"கரண்டுதானே வேணும்? இந்தா, என் கையில வயரை மாட்டு." இடது கையை நீட்டினான். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம் அங்கே புடைத்திருந்தது. தொட்டால் உள்ளே ரீங்காரம் ஓடும். தினமும் தூங்கப்போகும் முன் வெர்னா அதில் விரலை வைத்துப் பார்ப்பாள். ஓடினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டியவளுக்கு இதெல்லாம் தெரியாததில்லை. மத்தியானம் பேட்டரியை மாட்டி, நெகட்டிவ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோர்த்தாள். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ரேடியோ இல்லை. ஹாரன் இல்லை. டிக்கி விளக்கின் ஃபியூஸைப் பிடுங்கியதும் மீட்டர் சட்டென்று இறங்கியது.

"மாட்டுனியா!" என்றாள் வாய்விட்டு. ஃபியூஸைத் திரும்பச் செருகிவிட்டு டிக்கியைத் திறந்தாள்.

நாற்றம் முகத்தில் அறைந்தது. வைக்கோல், கிழிந்த பஞ்சு, கொத்துக் கொத்தாக நரைமுடி, எல்லாம் எச்சிலில் பிசைந்த மாதிரி ஒரு பெரிய கூடு. மூடியின் உள்பக்கம் ஒரு தகரப் பட்டையில் விளக்கு இருந்தது. டிக்கியை மூடும்போது மூடியோடு சேர்ந்து சாய்ந்து அது தானாக அணைய வேண்டும். பட்டையோ முறுக்கித் திருப்பப்பட்டிருந்தது. ஏதோ சாமான் இடித்திருக்கும் என்று குறட்டால் நிமிர்த்தினாள். பல்பில் கொழகொழவென்று ஒட்டியிருந்தது அவள் விரலோடு நூல்நூலாக இழுபட்டு வந்தது. தூ! பனியில் அழுந்தத் துடைத்தாள். போகவில்லை.

விளக்கு அணைகிறதா என்று தெரிந்துகொள்ள பஸ் ஷெட்டில் ஒரு வழி உண்டு. போனில் வீடியோவை ஓடவிட்டுக் கூட்டின் ஓரமாகச் சாய்த்து வைத்து டிக்கியை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து போனை எடுக்கும்போது அவள் மணிக்கட்டு பஞ்சுக்குள் எதிலோ உரசியது. மெத்தென்று, சூடாக, ஈரமாக. எலிக்குஞ்சு, கர்மம் என்று கையை உதறிவிட்டு மூடினாள்.

அங்கேயே நின்று வீடியோவைப் பார்த்தாள்.

இருட்டு. விளக்கு ஒழுங்காக அணைந்திருந்தது. பஞ்சு சரசரத்தது. சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது. தகரம் மெல்ல நெளிந்தது. விளக்கு எரிந்தது.

பட்டையை ஒரு கை திருகிக்கொண்டிருந்தது. ரோஜா நிறம், மயிர் இல்லை, நகமும் இல்லை, தோலுக்கு அடியில் நரம்பெல்லாம் தெரிந்தது. அன்று பிறந்த எலிக்குஞ்சின் கைதான், ஆனால் பருமன் அவள் கை அளவு. பிறகு முகம் வந்தது. கண் இருக்க வேண்டிய இடம் தோலால் மூடியிருந்தது. அது வாயைத் திறந்து எரியும் பல்பைக் கவ்வி, கன்னம் சிவப்பாக ஒளிர, உறிஞ்சியது.

வெர்னா ஓடிப்போய் முன்கதவைத் திறந்தாள்.

டிக்கி ஃபியூஸைப் பிடுங்கித் தூர வீசினாள். விளக்கு கிடையாது, சூடு கிடையாது, விறைத்துச் சாகட்டும் சனியன். ஓரெஸ்டிடம் சொல்லவில்லை. சொன்னால் காரில் ஏற மாட்டான். ஏறாவிட்டால் பிழைக்க மாட்டான்.

இருட்டுவதற்குள், அந்த ஊரில் யாரும் யோசிக்காமல் செய்யும் வேலைகளை அவள் கைகளும் செய்தன. ராத்திரிக் குளிரில் என்ஜின் உறையாமல் காக்கும் ஹீட்டருக்கு வீட்டிலிருந்து வயரை இழுத்துச் செருகினாள். காலையில் அவனுக்குக் குளிரக் கூடாதே என்று காருக்குள் வைக்கும் சின்ன ஹீட்டரையும் போட்டாள். பின்சீட்டில் கனத்த ரஜாய்ப் போர்வையை விரித்தாள். அந்தச் சீட்டின் முதுகுக்குப் பின்னால்தான் டிக்கி. நடுவில் ஒரு அட்டையும் பஞ்சும் மட்டுமே.

காலையில் மண்வெட்டியோடு போய் டிக்கியைத் திறந்தாள். கூடு குளிர்ந்து இறுகிக் கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. சீட்டுக்கு அடியில் மண்வெட்டியை விட்டுக் குத்தினாள், ரஜாயை உதறினாள். ஒன்றுமில்லை. தொலைந்தது! சாவியைத் திருப்பினாள். முதல் திருகலிலேயே கார் உறுமியது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டாள்.

ஓரெஸ்டைப் பின்சீட்டில் கால் நீட்டிச் சாய வைத்துப் போர்த்தினாள். விடியாத நெடுஞ்சாலையில் வேறு வண்டியே இல்லை. காற்று பனியை ரோட்டின் குறுக்கே இழுத்துக்கொண்டு போனது.

"சீட்டு நல்லா இருக்கு வெர்னா. முதுகுக்கு இதமா இருக்கு."

"தூங்கு. போனதும் எழுப்புறேன்."

கொஞ்ச தூரத்தில் வாடை வந்தது. புளித்த பால். பழசுதான், சீட்டில் ஊறியது என்று சொல்லிக்கொண்டாள். ஜன்னலைத் துளி இறக்கினாள்.

"மூடு, கையெல்லாம் இப்பதான் கதகதப்பா ஆகுது." அவன் குரல் குழறியது. "நீதானே புடிச்சிருக்கே?"

அவளுடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

சப்புக்கொட்டும் சத்தம்.

பிரேக்கை மிதித்தாள். கார் வழுக்கி ஓரத்துப் பனியில் புதைந்து, என்ஜின் அணைந்து நின்றது. உள்விளக்கைப் போட்டுத் திரும்பினாள்.

சீட்டின் முதுகு கிழிந்திருந்தது. பஞ்சுக்குள்ளிருந்து ரோஜா நிறத்தில் இரண்டு கைகள். ஓரெஸ்டின் இடது கையைப் பக்குவமாக ஏந்தியிருந்தன. சட்டைக்கை மேலே சுருட்டப்பட்டிருந்தது. புடைப்பின் மேல் அந்த வாய். கண்ணில்லாத முகம். கன்னம் உப்பியது, ஒட்டியது. உப்பியது.

ஓரெஸ்ட் தூக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தான்.

காரின் உள்விளக்கு மங்கத் தொடங்கியது.