சொர்ணத்தின் முட்டிச் சில்லு

கொரட்டூரில் எங்கள் தெருவுக்கு அன்று பொழுது விடிந்ததே வேம்புலியம்மாளின் தகரப் பெட்டிச் சத்தத்தில்தான். மருமகள் சொர்ணத்தின் புடவைகளை உதறி உதறி அதில் திணித்துக்கொண்டிருந்தாள். குமணன்சாவடிக்கு, தாய்வீட்டுக்கே அனுப்பிவிடப் போகிறாளாம். எங்கள் தெருவில் யாரும் வேவு பார்ப்பவர்கள் இல்லை. தண்ணீர் பம்பு அந்த வீட்டுக்கு எதிரே அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

குற்றம் பெரியது. முந்தின ஞாயிறு ஆடிக் கூழ். கூழ்ப்பானையைத் தலையில் சுமந்து கோயிலைச் சுற்றும்போது, மூலையில் திரும்பிய சொர்ணம் அலறிக்கொண்டு விழுந்தாள். பானை சுக்குநூறு. காலை நீட்டிவிட்டதும் வலி குறைந்துவிட்டது; முழங்காலில் கீறல்கூட இல்லை. லேசான வீக்கத்தை அவள் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். காயம் இல்லையென்றால் அம்மன்தானே தள்ளியிருக்க வேண்டும்? அம்மனுக்கு இவள் கை ஆகவில்லை என்று தீர்ப்புச் சொன்னாள் மாமியார். இரண்டு வருடமாகவே குந்தி எழுந்தால், சட்டென்று திரும்பினால் அவள் கால் மடங்கிக்கொள்ளும். அப்போதெல்லாம் மாமியாரின் தீர்ப்பு, வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்பது.

புருஷன் செங்கல்வராயன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவன். இரும்பையே வழிக்குக் கொண்டுவருவான்; தாயார் எதிரில் மட்டும் சவரக் கண்ணாடிக்குள் ஒளிந்துகொள்வான்.

"நான் போறேன் அத்த... அவருக்கு வேளைக்கு சோறு மட்டும் போட்டுடுங்க" என்று சொர்ணம் பெட்டியைத் தூக்கினாள். வாசலில் திரும்பினாள். அவ்வளவுதான், பெட்டியோடு சரிந்தாள்.

இந்தத் தடவை கால் நீளவே இல்லை. மடங்கிய முழங்காலின் வெளிப்பக்கம் சில்லு தனியே புடைத்துக்கொண்டு நின்றது. வேம்புலியம்மாள் அதைத் தொட்டுப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"டேய், சில்லு எடம் மாறி கீதுடா... டாக்ஸி இட்டா!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் சில்லை மெல்ல உள்பக்கம் தள்ளிக்கொண்டே காலை நீட்டினார். அது தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. சொர்ணத்துக்கு மூச்சு வந்தது. தொடை எலும்பின் நுனியில் ஒரு பள்ளம் உண்டு, சில்லு அதில்தான் வழுக்கி ஓடும் என்று டாக்டர் வேம்புலியம்மாளுக்கு விளக்கினார். சிலருக்குப் பள்ளம் ஆழம் குறைவு. பாதம் தரையில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பினால் சில்லு விலகும். பிடித்திருக்கும் நார் ஒரு தடவை கிழிந்தால் பிறகு சும்மா சும்மா விலகும்.

முதல் தடவை எப்போது என்று கேட்டார். ஞாபகமில்லை என்று சொர்ணம் தலை குனிந்துகொண்டாள்.

"எனக்கு ஞாபகம் கீது" என்றாள் வேம்புலியம்மாள்.

இரண்டு வருடத்துக்கு முன், மழைக்காலம். பம்படிப் பாசியில் மாமியார் வழுக்கினாள். நின்ற நிலையில் திரும்பி அவளைத் தாங்கிய சொர்ணம்தான் கீழே விழுந்தாள். தண்ணீர் கொட்டிவிட்டதென்று மாமியார் அன்று முழுக்கத் திட்டியதை நாங்களும் கேட்டோம், ஒரு வார்த்தை விடாமல்.

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடி?"

"சொன்னா, உங்களாலதான்னு ஆயிடும் அத்த... நீங்க தாங்க மாட்டீங்க."

"தெய்வத்து மேல பழிய போட்டுட்டேனேடி" என்று அவள் மருமகளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில் நோயாளிகூட மூக்கைச் சிந்தினாளாம்.

மாவுக்கட்டுப் போட்டு, பிரித்து, கணுக்காலில் மணல் பை கட்டிக் காலைத் தூக்கச் சொன்னார்கள். தொடைச் சதை பலப்பட்டால்தான் சில்லைப் பிடிக்கும், அதிலும் நிற்காவிட்டால் ஆப்பரேஷன். பையை மாமியாரே கட்டினாள். பாதியில் நிறுத்தினால் அவள் போடும் அதட்டல் எங்கள் அடுப்படிவரை கேட்கும். குந்திச் செய்யும் வேலையெல்லாம் அவளுடையதாயிற்று, கோலம் கோணலாயிற்று. ஆப்பரேஷன் தேவைப்படவில்லை.

அடுத்த ஆடியில் சொர்ணத்தின் தலையில் மறுபடி கூழ்ப்பானை. பக்கத்திலேயே வேம்புலியம்மாள், ஒவ்வொரு மூலையிலும் ஊர்வலத்தையே கையை நீட்டி நிறுத்திக்கொண்டு.

"பாதத்த எடுத்து வெச்சி திரும்பு கண்ணு. மெதுவா."

கூழ் ஆறுகிறது என்று பின்னால் யாரோ முனகினார்கள். கிழவி திரும்பிப் பார்த்தாள்.

"அம்மனே காத்துகினு கீறா. உனக்கு இன்னாடி அவசரம்?"