கண் சிவந்தது எந்த நாள்?

"ஏங்க… அங்கனயே நில்லுங்க!"

இவாஞ்சலின் ஏற்கெனவே நின்றுதான் இருந்தாள். சுருளிப்பட்டியில் மழை வலுத்துக்கொண்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகிய வீடு. செருப்பைத் தெருவிலேயே விட்டிருந்தாள், படியில் கால்கூட வைக்கவில்லை. அப்புறம் எதற்கு இந்த அதட்டல்?

"நேத்து ஒரு ஆபீசர் வந்தாக. தெருவே கேக்க, 'இங்கன யாருக்கு வியாதி'ன்னு கத்திட்டுப் போனாக. நீங்க என்ன கத்தப் போறீக?"

"கத்த வரல. ஆத்தா வந்து எத்தன நாளாச்சு?"

வாசலை மறித்து நின்றவன் திகைத்தான். கழுத்தில் சிலுவை டாலர், வாயில் தன் வீட்டுப் பேச்சு… யார் இவள்? அவளும் அப்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தாள். இமையில் மழைத்துளி தொங்க, தூங்காத இரண்டு கண்கள். பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே பார்த்தாள், போடிநாயக்கனூர் ஜவுளிக்கடைக்காரர் மகளான இவாஞ்சலின்.

திராட்சைப் பெட்டி மூடும் பிளாஸ்டிக் தாளை எடுத்துவந்து அவள் தலைக்கு மேல் பிடித்தான் சுரேஷ்கண்ணன். அவன் நனைந்தான்.

உள்ளே அவன் அக்கா பாண்டீஸ்வரியின் மடியில் குழந்தை சூரியபிரகாஷ். எட்டு மாதம். ஒன்பதாம் மாதம் போடும் தட்டம்மை ஊசிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்க இழுக்க மூச்சு வாங்கினான்.

"அக்கா… வேப்பிலையும் கூடவே வரட்டும். மூச்சுக்கு மட்டும் ஆஸ்பத்திரி போவோம்" என்றாள் வாசலில் நின்றபடியே. பாண்டீஸ்வரி மறுக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வரும் வரை கேள்விகள். அம்மை யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று வீடு வீடாக விசாரித்து எழுதுவதுதான் அவள் வேலை.

"நீங்க சொல்ற பேர யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சமீபத்துல வீட்டுல வேற யாருக்காச்சும் காய்ச்சல்?"

"எனக்குத்தான், ரெண்டு வாரம் முந்தி. கொடிக்கு மருந்தடிச்சது ஒத்துக்கல. மேலெல்லாம் தடிப்பு. தோட்டக்காரனுக்கு இதென்ன புதுசா?"

அவள் குரல் இறங்கியது. "கண்ணு செவந்துச்சா?"

"என் கண்ணையேதான் பாப்பீகளா?" அந்த நிலையிலும் லேசாகச் சிரித்தான். "ஆமா, நல்லா செவந்துச்சு."

"எந்த நாள்?"

"காய்ச்சல் வந்த மறுநாளு, வெள்ளிக்கெழம."

"அப்ப… மருமகனத் தூக்குனீங்களா?"

"என் நெஞ்சு மேல போட்டாத்தான அவன் தூங்குவான்!"

பேனா நின்றது. அம்மை ஒட்டி வெளிப்படும் இரண்டு வாரக் கணக்கு பிசகாமல் பொருந்தியது. அவன் கண்ணைப் பார்க்கத் துணிவில்லாமல் தாளைப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு தினமும் காலை ஒன்பது மணிக்குப் போன். வீட்டில் வேறு யாருக்கும் காய்ச்சல் உண்டா என்று கேட்க வேண்டும்.

"ஒம்பது அடிச்சு ரெண்டு நிமிசமாச்சு. லீவோன்னு நெனச்சேன்."

"ரெண்டு நிமிசத்துக்கு இவ்வளவு விசாரணையா?"

"விசாரிக்கிறது உங்க வேல மட்டும்தானா…?"

ஊரில் எல்லோரையும் வாய் நிறைய 'அண்ணே' என்று கூப்பிடுகிறவளுக்கு, இவனிடம் மட்டும் அந்தச் சொல் வரவில்லை. உண்மையும் வரவில்லை. இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம்… குழந்தை பிழைத்ததும் சொல்லலாம்.

ஐந்தாம் நாள் அவன் போனை எடுக்கவில்லை.

அவள் அந்த வீட்டுக்கு ஓடினாள். வாசலில் வேப்பிலை இல்லை. எல்லாம் முடிந்திருந்தது. பாண்டீஸ்வரி சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அவன் வாசலிலேயே வழிமறித்தான்.

"எவன் கொண்டாந்து குடுத்தான்? உங்க பட்டியல்ல இருக்கும்ல… பேரச் சொல்லுங்க."

"சொல்ல முடியாதுங்க."

"எங்க புள்ள போயிட்டான். அந்தாளு பேரு கெடக் கூடாது, அப்படித்தான? போங்க. இனிமே போன் பண்ணாதீக."

துக்க வீட்டில் 'வாரேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. சொல்லாமலே நடந்தாள். பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என்னை வெறுக்கட்டும்… தன்னைத்தானே வெறுக்காமல் இருந்தால் போதும்.

பத்து நாள் கழித்து, பாண்டீஸ்வரிக்குக் காய்ச்சல் ஏதும் இல்லை என்று கடைசியாக ஒருமுறை பார்த்து எழுத வந்தாள். அவன் தோட்டத்தில் இருப்பதாகச் சொன்னாள் பாண்டீஸ்வரி. போகக் கூடாது என்று நினைத்தவளின் கால்கள் அங்கேதான் போயின.

பந்தல் முழுக்கப் பறிக்காத பழம் மழையில் வெடித்துத் தொங்கியது. கீழே அவன் உட்கார்ந்திருந்தான். சட்டைக் கை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தது. பக்கத்தில் மருந்தடிக்கும் டேங்க்.

"அன்னைக்கு அடிச்ச அதே மருந்து. மூணு நாளா இந்தக் கையில ஊத்திப் பாக்குறேன்." கையை நீட்டினான். "ஒரு தடிப்பு வரலைங்க…"

அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"கண்ணு செவந்த நாளக் கேட்டீகளே… நான்தான… நான்தான அவனுக்குக் குடுத்தேன்?"

"உங்களுக்கும் யாரோ குடுத்ததுதான். அவங்களுக்கும் தெரியாது."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முத நாளே."

"தெரிஞ்சுமா… தெரிஞ்சுமா தினமும் பேசுனீக?"

"மொதல்ல அதுக்காகத்தான் பேசினேன். தனியா இந்தப் பாரத்தத் தூக்குவீங்களேன்னு…" ஃபைலைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்புறம் அதுக்காக இல்ல. எனக்கே ஒன்பது மணி எப்ப வரும்னு இருந்துச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொன்னா உங்கள இழந்துருவேன்னு பயந்தேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு."

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். தொட நீண்ட கையை அவள் பாதியில் நிறுத்தி, பிறகு அந்தத் தடிக்காத கையின் மேல் வைத்தாள். அவன் விலக்கவில்லை.

"அக்காகிட்டச் சொல்லணும்" என்றான். "சொன்னா என் மூஞ்சியில முழிக்க மாட்டா."

"சொல்லுங்க. நான் கூட நிக்கிறேன்."

"இன்னைக்கு முடியாது, இவாஞ்சலின்."

முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் எழுந்து ஃபைலை எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு வாரேன்."

"துக்க வீட்டுல அப்படிச் சொல்லக் கூடாதுங்க…"

"தெரியும்" என்றாள், மழையில் இறங்கியபடி. "வாரேன்."