உளி போன கை

காலை ஏழரை மணி. கல்லுடைப்பவரின் கை வெறுங்கையாக இருந்தது.

அரசுத் தலைமை அலுவலகத்தின் வாசலில் யானை உயரத்துக்கு இரண்டு வெண்கலச் சிலைகள். ஒன்று, கூடை சுமக்கும் பெண். மற்றது, உட்கார்ந்திருக்கும் கல்லுடைப்பவர். தெருவைப் பார்த்த முகம், மார்போடு அணைத்துப் பிடித்த உளி. அந்த உளியைத்தான் யாரோ திருகாணி கழற்றிக் கொண்டுபோயிருந்தார்கள்.

பெண் இன்ஸ்பெக்டர் வந்தபோது, வேலைக்குப் போகிற வழியில் ஒரு சித்தாளைக் காவலர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். இடுப்பைக் கட்டிக்கொண்டு அவள் மகள்.

"நேத்து சாயங்காலம் சிலை மேல ஏறினியாமே?"

"முட்டி வரைக்கும் ஏறினேம்மா. காக்கா எச்சம் தொடைக்க. வாரா வாரம் வந்து பாக்குறோம். எங்கள மாதிரி ஆளுக்கு வேற எங்க செலை வச்சிருக்காங்க?"

"உளி?"

"நான் எறங்கும்போது கையிலதான் இருந்துச்சு. அவரு பொழப்பை நான் புடுங்குவேனா?"

மாடி அறையில் பராமரிப்பு அதிகாரி காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சிலைகளைச் சுற்றி வேலி வேண்டும் என்று வருஷக்கணக்காக அடம்பிடிப்பவர்.

"முதல்ல பாத்தது நீங்களா, சார்?"

"ஆமா. பின்வாசல்ல வந்தேன், லிஃப்ட்ல ஏறினேன், இந்த ஜன்னல்ல பாத்தேன். உளியக் காணோம். ஒடனே போன் பண்ணேன்."

"கீழ எறங்கிப் பாக்கலையா?"

"எதுக்கு? கண்ட ஜனமும் அதுங்க கால்மாட்டுல கெடக்குது. வேலி போட்டாத்தான் அடங்கும்."

"யாராவது வந்து சொன்னாங்களா?"

"அப்ப ஒருத்தரும் வரலையே."

இன்ஸ்பெக்டர் ஜன்னலருகே போனார்.

"இங்க வாங்க சார். என்ன தெரியுது?"

"செலை."

"செலையோட முதுகு. உளி இருந்தாலும் இங்கேருந்து தெரியாது, போனாலும் தெரியாது. கழட்டின ஆளுக்கு மட்டும்தான் தெரியும்."

இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"தெனம் முதுகையே பாத்துப் பழகிட்டீங்க. அதுக்கு முன்பக்கம் ஒண்ணு இருக்கிறதே மறந்துபோச்சு."

அதிகாரியுடைய கார் டிக்கியில், பழைய துண்டுக்குள் உளி கிடைத்தது.

வாசலில் காவலர் சித்தாளிடம் சொன்னார்: "சரி, கெளம்பு. இனிமே இந்தப் பக்கம் வராத."

அவள் நகரவில்லை.

"வருவேன். வேலி போட்டா வேலிக்கு வெளிய நிப்பேன். அவரு பாத்துக்கிட்டிருக்கிறது எங்க பக்கம்தானே?"

மகளைத் தூக்கிக் கல்லுடைப்பவரின் முட்டியில் உட்காரவைத்தாள். காவலர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"என்னை ஏன்யா பாக்குற? உளிய மாட்டு" என்றார் இன்ஸ்பெக்டர்.