ஒரு முழம் முன்னால்

மருந்துக் கடை முனையில் கார் வழக்கம்போல் நின்றது.

காலை நேரம்தான். ஆனால் வானம் மூடிக் கிடந்ததில், அணைவதா வேண்டாமா என்று தெருவிளக்குகள் யோசித்துக்கொண்டிருந்தன. கண்ணாடி இடுக்கு வழியாக ஈரத் தாரின் வாடை உள்ளே வந்தது. ஸ்டியரிங்கில் சூப்பர்வைசர். ஐந்து மாடிக் கடையில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கும் இரண்டாம் மாடி அவருடைய ராஜ்ஜியம். பக்கத்தில் குடோன்காரர். பின்னால் மடியில் கைப்பையோடு கேஷியர் அக்கா. நடைபாதைப் பக்கத்துப் பின்சீட் காலி.

"எதுக்கு சார் இங்க நிறுத்தினீங்க?" என்றார் கேஷியர் அக்கா.

"பழக்கதோஷம்."

டொக்.

பின் கதவின் கைப்பிடியை யாரோ வெளியிலிருந்து தூக்கி விட்டார்கள்.

மூவரும் திரும்பினார்கள். கண்ணாடிக்கு வெளியே நடைபாதை இருந்தது. அதில் யாரும் இல்லை.

அந்தக் காலி இடம் போன வாரம்வரை பில் அண்ணனுடையது. கடையின் தரைத்தளத்தில் பில் போடுகிறவர். கனத்த உடம்பு, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வருவதால், ஆள் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடும்.

பஸ்ஸில் தொங்குகிறவர்களுக்கு நடுவே கார் வைத்திருப்பவன் ஒரு குட்டி ஜமீன்தார். ஓசி சவாரிக்கு டிக்கெட் கிடையாது. அதனால் சூப்பர்வைசர் வேறு ஒன்றை வசூலித்தார். பில் அண்ணன் கைப்பிடியைத் தொடப் போகும் நேரம் பார்த்து காரை ஒரு முழம் நகர்த்துவார். அவர் அசட்டுச் சிரிப்போடு ஓடி வருவார். இன்னொரு முழம். மறுபடி ஓட்டம், மறுபடி ஒரு முழம். உள்ளே இருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்காதவர் நாளைக்கு நடைபாதையில் நிற்க வேண்டியிருக்கும் என்று அவர்களுக்கும் தெரியும்.

போன வாரம் பில் அண்ணன் ஓட்டத்தின் நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அடேங்கப்பா, என்ன நடிப்பு!" என்று குடோன்காரர் கை தட்டினார்.

"பஸ்ல வாங்கண்ணே!" என்று கத்திவிட்டு சூப்பர்வைசர் காரைக் கிளப்பினார்.

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பில் அண்ணன் போய்விட்டார் என்று செய்தி வந்தது. அன்று காலை அவரைப் பார்க்கவே இல்லை என்று மூவரும் சொன்னார்கள். பேசி வைத்துக்கொண்டு ஒரே விலை சொல்லும் கடைக்காரர்கள்போல, ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை.

வீட்டில் சூப்பர்வைசரின் மனைவிக்கு நிறைமாதம்.

"எப்ப வேணும்னாலும் வலி வரும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வண்டியில பெட்ரோல் இருக்குல்ல?" என்று அவள் தினமும் கேட்டாள். கேட்கக் காரணம் இருந்தது. முதல் பிரசவத்தின்போது அவர்களிடம் கார் இல்லை. கொட்டுகிற மழையில் டாக்சிக்காகக் காத்து நின்றார்கள். டாக்சி ஒருவழியாக வந்தது. குழந்தையால் அதுவரை காத்திருக்க முடியவில்லை. அந்தத் துக்கத்தில் வாங்கியதுதான் இந்தக் கார்.

அப்படி நின்று நொந்தவன் நிற்கிறவர்களிடம் இரக்கமாக இருப்பான் என்று நினைப்போம். வரிசையில் கால் கடுக்க நின்றவன் கவுண்டருக்கு அந்தப் பக்கம் போனதும், முதலில் ஜன்னலைத்தான் சாத்துகிறான்.

"அன்னைக்கு அந்த மழையில மெயின் ரோடு வரைக்கும் ஓடி டாக்சி பிடிச்சுக் கொடுத்தது பில் அண்ணன்தானே," என்றாள் மனைவி. "பாவம், எங்க வச்சு, எப்படி விழுந்தாரோ."

சூப்பர்வைசர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

கைப்பிடியின் சத்தம் நிற்கவில்லை. முனையில் ஒரு டொக். சிக்னலில் ஒரு டொக். கடையின் அடித்தளப் பார்க்கிங்கில், டியூப்லைட் கண் சிமிட்டும் மூலையில், இரண்டு டொக். வேறு வழியாகச் சுற்றிப் போனார். அங்கேயும் அது வந்தது. பின்சீட்டிலிருந்து தைல வாசனையும் வரத் தொடங்கியது.

"எனக்கு பஸ்ஸே போதும் சார்," என்றார் கேஷியர் அக்கா. "நசுங்கினாலும் பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னு தெரியும்."

கேன்டீனுக்குக்கூட நடக்க அலுத்துக்கொள்ளும் குடோன்காரர், டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

மெக்கானிக் கதவைக் கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டினான். "கோளாறு ஒண்ணும் இல்ல சார். ரொம்ப பேர் பிடிச்சு இழுத்த மாதிரி கைப்பிடி தேஞ்சிருக்கு. வாடகைக்கு விடுறீங்களா?"

சூப்பர்வைசர் பேரம் பேசிப் பிழைத்த ஆள். முறுக்கிக்கொண்டு நிற்கும் வாடிக்கையாளரை எப்படி மடக்குவது என்று தெரியும். கேட்பதில் சின்னதை உடனே கொடுத்துவிட்டால் பெரியதைக் கேட்க மாட்டார். மறுநாள் முனையில் காரை நிறுத்தி இறங்கினார். சுற்றி வந்து பின் கதவைத் தானே அகலமாகத் திறந்தார்.

"ஏறிக்கோங்கண்ணே," என்றார் தாழ்ந்த குரலில். "ஏதோ தமாஷுக்குப் பண்ணினது. மனசுல வச்சுக்காதீங்க. கடையில இறக்கி விட்டுடறேன், கணக்குத் தீர்ந்தது. சரிதானே?"

காற்று அசையவில்லை.

கார் அந்தப் பக்கமாக மெல்லத் தாழ்ந்தது. கனத்த ஆள் உட்கார்ந்தால் தாழுமே, அப்படி.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

வழியெல்லாம் பின்னாலிருந்து மூச்சு வாங்கும் சத்தம் வந்தது. அவர் கண்ணாடியில் பார்க்கவில்லை. கடை வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டு, "வந்துட்டோம்ணே," என்றார்.

தாழ்ந்த பக்கம் உயரும் என்று காத்திருந்தார்.

உயரவே இல்லை.

வார விடுமுறையன்று மத்தியானம் மனைவிக்கு வலி எடுத்தது. மழை பிடித்துக்கொண்டிருந்தது. தாங்கிப் பிடித்து இறக்கிவந்து அவளைப் பின்சீட்டில் உட்கார வைத்தார்.

"சீட் ஏன் இவ்வளவு சூடா இருக்கு?" என்று முனகினாள். "யாராவது இப்பத்தான் எந்திரிச்சாங்களா?"

"பேசாம படு."

கதவைச் சாத்திவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டுநர் பக்கம் வந்தார். கைப்பிடியை நோக்கிக் கை நீட்டினார்.

கார் ஒரு முழம் முன்னால் நகர்ந்தது.

இன்ஜின் சத்தமே இல்லை. சாவி அவர் கையில் இருந்தது.

எட்டி நடந்தார். இன்னொரு முழம்.

"விளையாடுற நேரமா இது?" உள்ளேயிருந்து அவள் அலறினாள். "ஏறுங்களேன்!"

அவர் ஓடினார். கார் அவருக்கு வாகாக நின்றது. விரல் நுனி கைப்பிடியின் ஈரத்தைத் தொட்டதும் மறுபடி நகர்ந்தது. மருந்துக் கடை முனை, சிக்னல், பாலம். எங்கும் வழி கொடுத்தார்கள். காருக்கு, அவருக்கு இல்லை. செருப்பு அறுந்தது. பாலத்தின் ஏற்றத்தில் முழங்கால் தேய விழுந்தார்.

கார் நின்றது. அவர் எழுந்திருக்கும்வரை பொறுமையாக நின்றது. எழுந்ததும் நகர்ந்தது.

"அண்ணே, அவளை விட்டுடுங்கண்ணே!" என்று நடுரோட்டில் கும்பிட்டார். "போன தடவை மாதிரி ஆயிடும்ணே! நான் எவ்வளவு தூரம் வேணும்னாலும் ஓடறேன், அவளை விட்டுடுங்க!"

பஸ் நிறுத்தத்தில் குடைக்குள் நின்றவர்கள் சிரித்தார்கள். தன் காரைத் தானே பிடிக்க முடியாத மனுஷனை அவர்கள் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு அவருக்குப் புதிதல்ல. காருக்குள் உட்கார்ந்து கேட்டபோது இனிமையாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு அவர் தவழாத குறையாக வந்து சேர்ந்தபோது கார் ஒழுங்காக ஓரங்கட்டி நின்றிருந்தது. உள்ளே யாரும் இல்லை. நெஞ்சு அடைத்தது. படியில் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறினார்.

"உங்க சம்சாரமா?" என்றாள் நர்ஸ் எரிச்சலோடு. "சரியான நேரத்துக்குக் கொண்டு வந்துட்டாங்க. இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா சொல்ல முடியாது. பொண்ணு. ரெண்டு பேரும் சுகம். நீங்க எங்க போயிட்டீங்க?"

அவர் அழுதார். கடன் இல்லாமல் முடிந்தது என்று நினைத்தார். வியாபாரி மனசு, அந்த நேரத்திலும் அதைத்தான் நினைத்தது.

வார்டு முதல் மாடியில் இருந்தது. சுவரெல்லாம் ஃபினைல் வாடை. கட்டிலில் மனைவி வெளுத்துக் கிடந்தாள். பக்கத்தில் சக்கரம் வைத்த தொட்டில். தொட்டிலுக்குப் பின்னால் திறந்த கதவு. கதவுக்கு அப்பால், ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு கீழே இறங்கும் சரிவுப் பாதை.

"வழியெல்லாம் கையைப் பிடிச்சிட்டே இருந்தீங்களே," என்றாள் மனைவி கண் திறக்காமல். "ஏன் உங்களுக்கு அப்படி மூச்சு வாங்குச்சு? கை வேற ஐஸ் மாதிரி."

தொட்டிலுக்குள் சுருட்டி வைத்த துணிக்குள்ளே ஒரு சின்ன முகம் கொட்டாவி விட்டது. அவர் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

தொட்டில் ஒரு முழம் பின்னால் நகர்ந்தது.

கதவை நோக்கி.

"அட, பிரேக் போட்டேனே," என்று நர்ஸ் காலால் ஒரு மிதி மிதித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அவர் ஒரு விரலை மட்டும் நீட்டினார்.

இன்னொரு முழம். பின்சக்கரங்கள் வாசற்படியில் ஏறி, சரிவின் விளிம்பில் நின்றன.

"என்ன வெறிச்சுப் பார்த்துட்டு நிக்கிறீங்க?" மனைவி சிரித்தாள். "உங்க பொண்ணுதானே. தூக்குங்க."

அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டார். சுவரில் முதுகு முட்டும்வரை பின்வாங்கினார்.

எங்கோ குழாய் சொட்டியது.

தொட்டில் விளிம்பிலிருந்து விலகியது. மெல்ல, தானாகவே, அவர் கைக்கு எட்டும் தூரத்துக்குத் திரும்பி வந்து நின்றது.